பெயரும் எண்ணும்

ஈப்போவைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், பொழுது விடியுமுன்பே தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர். அங்குப் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வர். அந்தக் குறி விடுபட்டால் அன்றைய கூலியும் விடுபடும். இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பதிவேடு செய்த பணியைக் கணினியிலுள்ள தரவுத்தளம் ஏற்றுக்கொண்டுள்ளது.

தரவுத்தளம் என்பது தகவல்களை ஒழுங்குபடுத்திச் சேமித்து, வேண்டும்போது விரைவாக எடுத்துத் தரும் அமைப்பாகும். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தலாம் என்னும் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறையில் ஒருவரின் விவரம் ஓர் அட்டவணையிலும் அவருடைய சம்பள விவரம் மற்றோர் அட்டவணையிலும் இருக்கும். இரண்டையும் இணைப்பது திறவுகோல் எனப்படும் அடையாளம். ஒருவருக்குரிய திறவுகோல் மற்றொருவருக்கு இருத்தல் கூடாது.

பெயரைத் திறவுகோலாகக் கொள்ள இயலாது. ஒரே தோட்டத்தில் முனியாண்டி என்னும் பெயருடையோர் பலர் இருக்கலாம். மேலும், தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது, எழுதுபவரின் காதில் விழுந்தவாறே எழுத்துகள் அமைகின்றன. ஒரே பெண்மணி பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’ எனவும் சேமநிதிக் கணக்கில் ‘லெச்சிமி’ எனவும் பதிவாகியிருந்தால், கணினிக்கு அவர் இருவர் ஆகிவிடுகிறார். ஓர் எழுத்து வேறுபாட்டால் உழைத்துச் சேமித்த பணத்தைப் பெறுவதுகூடத் தாமதமாகலாம்.

இதனால்தான் அடையாள அட்டை எண் இன்றியமையாததாகிறது. மலேசியர்களின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். பேராக் மாநிலத்திற்குரிய குறியீடுகளுள் ஒன்று 08. இறுதி இலக்கம் ஒற்றைப்படை எண்ணாயின் ஆண். இரட்டைப்படை எண்ணாயின் பெண். எனினும், பிறந்த தேதி தவறாகப் பதிவாகியிருந்தால் எண்ணும் மாற வேண்டியிருக்கும். பழைய அடையாள அட்டைகளில் இருந்ததோ வேறு வகை எண். ஆகவே, அனுபவமிக்க மேம்பாட்டாளர்கள் ஒவ்வொருவருக்கும் எப்பொருளும் ஏற்றப்படாத ஓர் உள் எண்ணை வழங்குவர். பழைய எண், புதிய எண், பெயரின் வேறு வடிவங்கள் ஆகியவற்றை அதனோடு இணைத்து வைப்பர். தமிழர் பெயருக்கு ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தைக் கட்டாயமாக்காமல், முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இடச் செய்வர்.

அமைத்த தரவுத்தளத்தைக் காப்பது நிருவாகியின் பொறுப்பு. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை அவர் வரையறுக்கிறார். ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் யார், செய்த நேரம் எது என்பன பதிவாகும்படி பார்த்துக்கொள்கிறார். நாள்தோறும் நகல் எடுத்து, அதனை வேறோர் இடத்தில் வைக்கிறார். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தகவலை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். வெள்ளம் வந்த பிறகு படகில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதில் பயனில்லை.

இரு பதிவுகள் ஒருவருடையவைபோல் தோன்றினாலும் அவற்றை அவசரப்பட்டு இணைத்தல் கூடாது. தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு, மூல ஆவணத்தையும் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். தவறாக இணைத்தால் ஒருவரின் உரிமை மற்றொருவருக்குப் போய்விடும்.

பதிவே இல்லாதவரின் நிலை இன்னும் கடினமானது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்களுக்கு உதவும் பொருட்டு, 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்தப்பட்டது. தரவுத்தளத்தில் இடம்பெறாதவர்களைக் கணினி தேடிக் கண்டுபிடிக்காது. மனிதர்கள்தாம் தேடிச் செல்ல வேண்டும். தோட்டத்து மக்களின் பெயரமைப்பையும் வாழ்க்கையையும் அறிந்த இளைஞர்கள் இத்துறைக்கு வந்தால், திரையில் தெரியும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருப்பதை மறவாமல் பணியாற்றுவர்.