பழைய ஆலய மண்டபத்தைத் திருத்துமுன்

நம் ஊர்களின் பழைய ஆலய மண்டபங்கள் பல சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுவர் உதிரத் தொடங்கியதும் சீமெந்து பூச எண்ணுகிறோம். இது சரிதானா?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள வுல்பெண்டால் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் இது. கபொக் கல்லாலான அதன் சுவர்கள் ஏறத்தாழ ஐந்து அடி தடிப்பானவை, பூச்சு சுண்ணாம்பு. 1856இல் இடி விழுந்து நடுக் கூரை சிதைந்தது. பின்னர் அங்கே இரும்புத் தகடு வேய்ந்தனர். சுவர்களோ இன்றும் நிற்கின்றன.

கபொக் கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சீமெந்து உள்ளே அடைத்துவிடும். நாளடைவில் உப்புப் பூத்து, பூச்சு கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். கல்கிசை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

1. முதலில் கூரையையும் பீலியையும் திருத்துவோம்.
2. சுவரடியில் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவோம்.
3. சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்பாலேயே பூசுவோம்.

சபையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சில மாரிகளில் உதிர்ந்துபோகலாகாது.

கலந்துரையாட: நமது மண்டபச் சுவர் எதனால் ஆனது? சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய மேசன்மார் நம்மிடையே யார்?