நித்தியகல்யாணியும் மார்பகப் புற்றுநோயும்

சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள தெம்பனிஸ், ஒரு மரத்தின் பெயரால் அமைந்த ஊர். முன்னாளில் அங்கே இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. அவ்வீடுகளின் பூந்தொட்டிகளிலும் நம் தோட்டத்து லயங்களின் முற்றங்களிலும் பூப்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்பாரும் உளர். இச்செடி புற்றுநோய்க்கு மருந்து தந்தது என்பது உண்மை. ஆனால் இலையை அரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பது உண்மையன்று.

இச்செடி நீரிழிவுக்கு நல்லது என்னும் நாட்டு வழக்கைக் கனடா நாட்டு அறிஞர்களான இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்களே குறைந்தன. இதனைக் கொண்டு 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியில் பிரான்சில் உருவான வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டை 1962இல் ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. அதிலிருந்த பாக்லிடாக்சல் என்னும் பொருளின் அமைப்பை மன்றோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் 1971இல் வெளியிட்டனர். 1994இல் அது மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்துகள் உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கின்றன. அதனால் கட்டியின் வளர்ச்சி தடைபடுகிறது.

பால்மரத்தில் வடியும் பாலை அப்படியே வண்டிச் சக்கரத்தில் பூட்ட இயலுமா? அமிலமிட்டு உறையவைத்து, தகடாக்கி, ஆலையில் பதப்படுத்திய பின்னரே டயர் ஆகிறது. மூலிகையும் அத்தகையதே. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். அளவறிந்து, இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் மேற்பார்வையில் ஊசிவழி செலுத்துவது அம்மருந்து. இலைச்சாற்றில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நஞ்சு என்பதை யார் அளப்பார்?

சாறு குடித்துக் காத்திருக்கும் மாதங்களில் கட்டி வளரும். பிற உறுப்புகளுக்கும் பரவக்கூடும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆதலின் வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது.

சகோதரிகளே! மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நாணத்தால் மறைக்காது மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல, சோதித்தே அறியலாகும். சிங்கப்பூரில் 2002 முதல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடைபெறுகிறது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

நித்தியகல்யாணி முற்றத்தில் பூக்கட்டும். மருந்தை மருத்துவமனையில் பெறுங்கள்.