ஒரு லிட்டர் உள்ளே, ஒரு லிட்டர் வெளியே

எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது அடிக்கடி வாடை வரும். தலைவலிக்கிறது என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, "அந்த வாடைக்கு எடை இருக்குமா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். புத்தகத்தை மூடிவிட்டு அதையே கணக்காக எடுத்துக்கொண்டோம்.

வகுப்பறைக்குள் பெட்ரோல் கூடவே கூடாது. வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் ஊதுபத்திப் புகையை நிரப்பி, சிறிய புனல் வழியே தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் ஏற ஏறப் புகை வெளியேறியது. பைக் டேங்கிலும் இதுதான் நடக்கிறது. காலி என்று நாம் நினைக்கும் டேங்கில் பெட்ரோல் ஆவி கலந்த காற்று நிறைந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால், அந்தக் காற்றில் ஒரு லிட்டர் வெளியே வரும்.

அதில் பெட்ரோல் எத்தனை கிராம்? 30 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் வாயுவின் பருமன் ஏறக்குறைய 25 லிட்டர். (பாடத்தில் உள்ள 22.4 ஏன் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.) ஆவியின் பங்கு 40 விழுக்காடு, அதன் சராசரி மோலார் நிறை 65 கிராம் என்று வைத்துக்கொண்டோம். 0.4 × 65 ÷ 25 = 1.04 கிராம். 50 விழுக்காடு என்று எடுத்த குழுவுக்கு 1.3 வந்தது. எது சரி என்று சண்டை. ஆவியைப் பிடிக்கும் அமைப்பு இல்லாத இடங்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் மதிப்பு லிட்டருக்கு 1.32 கிராம். கரும்பலகைக் கணக்கு இவ்வளவு அருகில் வந்ததில் எனக்கே வியப்புதான்.

அதே முகமையின் மதிப்புப்படி, நிலத்தடித் தொட்டியை நிரப்பும்போது, குழாய் அடிவரை இறங்கியிருந்தால் லிட்டருக்கு 0.88 கிராம் வெளியேறும். மேலிருந்து கொட்டினால் 1.38. தொட்டி 'மூச்சு விடுவதில்' 0.12, சிந்துவதில் 0.08. குழாய் அடிவரை இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 2.4 கிராம். நாளுக்கு 5000 லிட்டர் பெட்ரோல் விற்றால் 12 கிலோ. திரவமாகச் சொன்னால் சுமார் 16 லிட்டர். முதலில் டீசல் விற்பனையையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார்கள். டீசல் மிகக் குறைவாகவே ஆவியாகும் என்று முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

"லாரி எப்ப வருது சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதன் பிறகுதான் கணக்கு சூடுபிடித்தது. ஒரு வாரம் வாசலிலிருந்தே குறித்தார்கள். நான்கு முறை வந்தது. அதில் மூன்று முறை வழிபாட்டு நேரத்தில். 8000 லிட்டர் பெட்ரோல் இறக்கினால் 7 கிலோ ஆவி, கொஞ்ச நேரத்துக்குள், பங்க் ஓரத்தில் உயரமாக நிற்கும் மெல்லிய குழாய்கள் வழியே வெளியேறும். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் சிறிதளவு உண்டு. தொட்டியின் ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்பும் குழாயை மாட்டினால் லிட்டருக்கு 0.04 கிராம்தான்; 7 கிலோ 320 கிராமாகிவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதல்படி, புதிய பங்க் பள்ளியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தாலும் 30 மீட்டருக்குக் குறையக்கூடாது. நாங்கள் டேப் பிடித்து அளந்ததில் 38 மீட்டர். அந்த பங்க் அதற்கு வெகுமுன்பே வந்தது.

தலைமையாசிரியர் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு வழிபாட்டைப் பின்பக்க மைதானத்துக்கு மாற்றினார். லாரி நேரம் தன் கையில் இல்லை என்றார் பங்க் மேலாளர். திருப்பும் குழாயை மாட்டச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் இப்போது அடுத்த கணக்கில் இருக்கிறார்கள்: அங்கே பெட்ரோல் போடும் அக்கா ஒரு ஷிப்டில் எத்தனை டேங்குகளின் ஆவிக்குப் பக்கத்தில் நிற்கிறார்?