மலையும் பதிவேடும்

நாகர்கோவிலில் நின்று வடக்கே பார்த்தால் நீலமாய்த் தெரிகிற மலையைத் தினமும் காண்கிறீர்கள். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்த நாள் முதல் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உதவும் கோதையாற்றுத் தண்ணீர் அந்த மலைக்காட்டில்தான் பிறக்கிறது. அக்காட்டில் 402 சதுர கிலோமீட்டர், அதாவது நமது ஜில்லாவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 2008-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் மத்திய சர்க்கார் பல்லுயிர்களைக் காப்பதற்கென ஒரு தேசியத் திட்டமும் ஏற்படுத்திற்று. 2024-ல் அது புதுப்பிக்கப்பட்டு, 2030-க்குள் எட்ட வேண்டிய 23 இலக்குகள் குறிக்கப்பட்டன.

பல்லுயிர் என்றால் என்ன? யானையும் புலியும் மாத்திரமல்ல. கல்குளத்துத் தோட்டத்து மட்டி வாழையும், வேலியோரத்துக் கீழாநெல்லியும், அவற்றின் உபயோகம் இன்னதென்று தெரிந்த மனிதரின் அறிவும் அதில் சேர்ந்தவை.

டில்லியில் எழுதுகிற திட்டத்தில் நமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் ஒரு குழு அமைய வேண்டும். அது ஊர்மக்களைக் கலந்து, அவ்விடத்து மரம், செடி, பிராணி, மருந்து யாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஊர்மக்களைக் கலப்பது ஏன்? நம் மலைத்தொடரிலேயே நடந்த காரியத்தைக் கேளுங்கள். 1987-ல் அகஸ்தியர் மலையில், கேரளப் பக்கம், ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து நடந்து களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளான காணிக்காரரோ களைக்கவில்லை. ஒரு சிறு செடியின் கனியைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரத் தோட்டத்தார் அதைக்கொண்டு ஒரு மருந்து செய்து, 1995-ல் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் ஒரு பங்குக்கும் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தார்கள். வருகிற பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997-ல் அதற்கென ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது. உலகமெங்கும் இதைப் புகழ்ந்தார்கள். ஆனால், முன்னோர் வைத்தியத்தை விலைபேச எவருக்கு உரிமை என்று காணி வைத்தியர் சிலரே ஆட்சேபித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமென்றே எமக்குத் தோன்றுகிறது.

நிற்க. பதிவேடுகள் 2020 ஜனவரி 31-க்குள் முடிய வேண்டுமென்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக எழுதுகிற கணக்கு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆகையால் ஊராட்சி அலுவலகத்துக்கு வரி கட்டப் போகிற அன்று அந்தப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கு மாந்தம் கண்டால் உங்கள் பாட்டி பறித்துவரும் பச்சிலை அதில் இருக்கிறதா? எந்தக் குளக்கரையில் அது முளைக்கும் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், பாட்டி இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு குழுவிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். மருந்தின் பக்குவத்தைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். செடியின் பெயரும் இடமும் போதும்.