கம்யூனிட்டி கல்லூரி வழியே என்ஜினீயரிங்: கேட்டதும் உள்ளதும்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட், சான் ஹோசே, கூப்பர்டினோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மார்ச், ஏப்ரல் வந்தால் எல்லோர் பேச்சும் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றித்தான். பெர்க்லி கிடைத்ததா, சான் டியகோ கிடைத்ததா என்ற விசாரிப்புகளுக்கு நடுவே, "பையன் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறான்" என்று சொல்ல நேரும் பெற்றோரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழ வேண்டியதில்லை. அதே சமயம், "முதலில் சேரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடவும் கூடாது. என்ஜினீயரிங் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்த "அப்புறம்" ஓராண்டைத் தின்றுவிடும்; சில சமயம் இரண்டாண்டைக்கூட.

மதிப்பெண் குறைந்தவர்களும் வேறு வழியில்லாதவர்களும் போகுமிடம் கம்யூனிட்டி கல்லூரி என்பது முதல் நம்பிக்கை. விண்வெளி வீரர் ராபர்ட் கிப்சன் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி கம்யூனிட்டி கல்லூரியில் 1966இல் என்ஜினீயரிங் அறிவியலில் ஈராண்டுப் பட்டம் பெற்றார். அங்கிருந்து கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரிக்கு மாறி 1969இல் விமானப் பொறியியல் முடித்தார். 1995இல் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு முதன்முதலாக இணைந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் தளபதி அவர்தான். அதே ஆண்டில் ஓடத்தைச் செலுத்திய முதல் பெண் என்ற பெயர் பெற்ற ஐலீன் காலின்ஸும் கார்னிங் கம்யூனிட்டி கல்லூரியில் படித்து, பிறகு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பெர்க்லிக்கு முன் கூப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் படித்தார்.

இவர்கள் விதிவிலக்குகள் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 1999, 2000 ஆண்டுகளில் அறிவியல், பொறியியல் பட்டம் பெற்றவர்களை அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆராய்ந்தபோது, அவர்களில் 44 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கம்யூனிட்டி கல்லூரியில் படித்தவர்கள் என்று தெரிந்தது.

ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் தாத்தா பாட்டிக்கு வேறொரு குழப்பம்: "நம்ம பாலிடெக்னிக் மாதிரியா?" ஓரளவு ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறார். அமெரிக்காவில் கம்யூனிட்டி கல்லூரிக்குப் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகுதான் போகிறார்கள்; பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களையே அங்கே படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. அதே வளாகத்தில் "என்ஜினீயரிங் டெக்னாலஜி" என்ற பெயரிலும் படிப்புகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நேரே வேலைக்கு அனுப்புவதற்காக அமைந்தவை. பயன்பாட்டு அறிவியல் என்ற வகையில் ஈராண்டுப் பட்டம் தருபவை. நல்ல படிப்புகள்தான். ஆனால் அவற்றில் படித்த கணிதமும் இயற்பியலும் பொறியியல் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் செல்லாது. பாடத்தின் பெயரில் "என்ஜினீயரிங்" என்ற சொல்லைப் பார்த்ததும் சேர்ந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட அதிக இழப்பைத் தருவது: "ரெண்டு வருஷம்தானே, முடிச்சிட்டு மாறிடலாம்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரவியலோ மின்னியலோ படிக்க விரும்பும் மாணவர் மாறுவதற்கு முன் கால்குலஸ் மூன்று பருவம், அதன்பின் வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் இரண்டு அல்லது மூன்று பருவம். வேதியியல், நிரலாக்கம். இவற்றோடு துறையைப் பொறுத்து ஸ்டாட்டிக்ஸ், சர்க்யூட்ஸ், பொருளறிவியல். எண்ணிக்கையைவிட வரிசைதான் இங்கே சிக்கல். முதல் கால்குலஸ் முடியாமல் இயற்பியலின் இயந்திரவியல் பகுதிக்குள் நுழைய முடியாது. இயந்திரவியல் முடியாமல் ஸ்டாட்டிக்ஸ் இல்லை. மின்காந்தவியலுக்கு இரண்டாம் கால்குலஸ் வேண்டும். சர்க்யூட்ஸுக்கு அந்த மின்காந்தவியல் வேண்டும். ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்திருக்கும் இந்தப் பாடங்களில் ஒன்று தவறினால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும்.

முதல் பருவத்திலேயே கால்குலஸில் உட்காருபவருக்கு நான்கு பருவம் போதும், மூச்சுமுட்டினாலும் முடியும். ப்ரீ-கால்குலஸிலிருந்து தொடங்குபவருக்கு ஐந்தாம் பருவத்தில்தான் வகைக்கெழுச் சமன்பாடுகள் வரும். கோடைப் பருவத்தைப் பயன்படுத்தாவிட்டால் மூன்றாண்டு ஆகிவிடும். சிறிய கல்லூரிகளில் சர்க்யூட்ஸ், ஸ்டாட்டிக்ஸ் போன்றவை ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கும். வசந்த காலத்தில் அந்த வகுப்பைத் தவறவிட்டவர் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும், அல்லது பக்கத்துக் கல்லூரியில் தேட வேண்டும். அப்படித் தேடும்போது அந்தக் கல்லூரி செமஸ்டர் முறையா, குவார்ட்டர் முறையா என்றும் பார்க்க வேண்டும். டி ஆன்சா குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரி. ஒரு தொடர் பாடத்தின் பாதியை ஒரு முறையிலும் மீதியை மற்ற முறையிலும் படித்தால் இடையில் சில அத்தியாயங்கள் விடுபட்டுப் போகும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பலரும் யோசிக்காதது. இலையுதிர் பருவத்தில் சேர்வதற்கான விண்ணப்பத்தைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் (யூ.சி.) அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரில் வாங்கிவிடுகிறது. ஈராண்டில் மாற நினைப்பவர் விண்ணப்பிக்கும்போது முடித்திருப்பது வெறும் முதலாண்டு. அதாவது, பள்ளியிலிருந்து வந்து புது இடத்தில் தடுமாறும் அந்த முதல் இரண்டு பருவ மதிப்பெண்களைத்தான் சேர்க்கைக் குழு முதலில் பார்க்கிறது. "முதல் வருஷம் பழகிக்கட்டும்" என்று சொல்லும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எடுத்த பாடமெல்லாம் மாற்றலாகும் என்பதும் பரவலான எண்ணம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 சதவீதத்தை இழந்ததாக மதிப்பிட்டது. அது எல்லா வகையான மாற்றங்களையும் சேர்த்த கணக்கு. என்ஜினீயரிங்கில் இழப்பு வேறு உருவத்தில் வரும்: பல்கலைக்கழகம் பாடத்தை ஏற்றுக்கொள்ளும், யூனிட்டும் கொடுக்கும், ஆனால் துறைக்குத் தேவையான பாடமாக எண்ணாது. இயற்கணிதத்தை மட்டும் வைத்து நடத்தும் இயற்பியல் வகுப்பு இதற்கு நல்ல உதாரணம். யூனிட் கணக்கில் அது ஏறும். பொறியியல் துறை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே கலிஃபோர்னியாவில் "அசிஸ்ட்" என்ற பொது இணையத் தரவுத்தளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத் துறையின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று துறைவாரியாக அதில் பார்க்கலாம். பெர்க்லி இயந்திரவியல் கேட்பதும் சான் டியகோ இயந்திரவியல் கேட்பதும் ஒன்றல்ல என்பது அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

"பொதுப்பாடங்களை முதலில் முடித்துவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று மூத்த மாணவர்கள் சொல்வதுண்டு. வரலாறோ வணிகமோ படிப்பவருக்கு அது நல்ல ஆலோசனை. பொறியியல் மாணவருக்குத் தீங்கான ஆலோசனை என்றே சொல்ல வேண்டும். 2025 இலையுதிர் பருவம் முதல் கலிஃபோர்னியாவில் "கால்-கெட்சி" என்ற ஒரே பொதுப்பாடத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் யூ.சி. பொறியியல் துறைகள் பொதுவாக அந்தத் தொகுப்பு நிறைவடைவதை எதிர்பார்ப்பதில்லை. கணிதம், இயற்பியல், துறைப் பாடங்கள் ஆகியவை முடிந்திருப்பதையே பார்க்கின்றன. பொதுப்பாடங்களை முழுக்க முன்கூட்டியே முடித்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனையும் காத்திருக்கும். மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்தில் பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், சிக்னல்கள் என்று கடினமானவை மட்டுமே அட்டவணையில் இருக்கும், இடையே மூச்சுவிட ஒரு லேசான வகுப்பு இருக்காது. மாறி வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவது கல்வியாளர்கள் நன்கறிந்த விஷயம். இரண்டு மூன்று பொதுப்பாடங்களை அந்தப் பருவங்களுக்கென்று விட்டுவைப்பது புத்திசாலித்தனம். எல்லா மாநிலத்துக்கும் இது பொருந்தாது. வாஷிங்டன் மாநிலத்தில் பொறியியலுக்கென்றே வகுத்த ஈராண்டு மாற்றல் பட்டம் உண்டு. அங்கே அதை முடிப்பதில் பயனிருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமோ தான் சேர்த்துக்கொண்ட பொறியியல் மாணவர்களில் சிலரைத் தொடக்கத்திலேயே கம்யூனிட்டி கல்லூரிகளிலும் சேர்த்து இரண்டிலும் படிக்க வைக்கிறது.

கலிஃபோர்னியாவில் "இடம் உத்தரவாதம்" என்ற பேச்சும் அடிபடுகிறது. பாதி உண்மை. யூ.சி.யின் ஒன்பது இளநிலை வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும் "டேக்" என்ற மாற்றல் சேர்க்கை உத்தரவாதத்தைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியகோ தருவதில்லை. ஒருவர் ஒரு வளாகத்துக்கு மட்டுமே "டேக்" கேட்க முடியும். அந்த ஆறிலும் எல்லாத் துறைக்கும் அது கிடையாது; பொறியியல், கணினித் துறைகளில் சில வளாகங்கள் உத்தரவாதமே தருவதில்லை, தருபவை கூடுதல் ஜி.பி.ஏ. கேட்கின்றன. கலிஃபோர்னியவாசிகளுக்கு யூ.சி. மாற்றலுக்கான குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பொறியியல் மாணவர், தன் துறை கேட்பதைப் பார்க்காதவர் என்றுதான் பொருள்.

செலவு பற்றிய எண்ணம் மட்டும் ஏறக்குறைய சரி. கலிஃபோர்னியவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். யூ.சி.யில் கல்விக்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். ஆனால் மாணவர் விசாவில் வருபவர் வெளியாள் கட்டணம் கட்ட வேண்டும். அது இதைப்போலப் பல மடங்கு. முன்சொன்ன மூன்றாம் ஆண்டு தாமதமும் இந்தச் சேமிப்பைக் கரைக்கும்.

பட்டத்தில் கம்யூனிட்டி கல்லூரியின் பெயர் இருக்குமோ என்ற கவலை வேண்டாம். பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஏபெட் தர அங்கீகாரம் அந்தப் பட்டப்படிப்புக்குத்தான். பொறியாளர் உரிமத்துக்கான முதல் தேர்வை எழுதப் போகும்போது முதலிரண்டு ஆண்டுகளை எங்கே படித்தார் என்பது தடையாக வராது.

ஒரு புள்ளிவிவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்யூனிட்டி கல்லூரியில் சேருபவர்களில் பெரும்பாலோர் இளநிலைப் பட்டத்தையே நோக்கமாகச் சொல்கிறார்கள். ஆறாண்டுக்குள் அதைப் பெறுபவர் நூறில் சுமார் 16 பேர்தான். வேலை, குடும்பப் பொறுப்பு, பணம் எல்லாம் இதில் காரணங்கள். சரியான வழிகாட்டல் கிடைக்காததும் ஒரு காரணம். மறுபுறம், மாறிச் சென்றவர்கள் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர்: தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களில் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்கள், நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு இணையாகவோ அதற்கு மேலோ பட்டம் முடிக்கிறார்கள் என்று ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை 2019இல் காட்டியது. படிப்பைவிட, மாறும் வழியில்தான் அதிகம் பேர் நின்றுபோகிறார்கள்.

ஆகவே, வரும் ஆகஸ்டில் சேரப்போகும் மாணவரே, முதல் வகுப்புக்குப் பதிவு செய்யும் முன் மூன்று பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, உங்கள் துறைக்கு அவை கேட்கும் பாடங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பருவத்தில் எது என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு பொறியியல் தெரிந்த கவுன்சிலரைப் பாருங்கள். கணிதம், பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு உதவும் "மெசா" மையம் கல்லூரியில் இருந்தால் அங்கும் போய்க் கேளுங்கள். "டேக்" விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில் மட்டுமே வாங்கப்படும். அசிஸ்டில் பாடங்களைப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை.