முதுகுச் சுமைக்கு ஏற்ற சட்டகப் பை
(உறுப்பினர் கல்விப் பகுதி)

நெசவாளருக்குத் தறியும் உழவருக்கு ஏரும் கருவிகள் என்கிறோம். அவ்விரண்டிற்கும் முந்திய கருவி ஒன்று உண்டு. அஃது உடல். தறி பழுதுபட்டால் சங்கத்தில் கடன் பெற்று வேறு தறி வாங்கலாம். முதுகு பழுதுபட்டால் அதற்கு ஈடாக வேறொன்றை எந்தச் சங்கமும் வழங்க இயலாது. ஆகவே, சுமை தூக்கும் முறையும் ஒரு பொருளாதாரப் பாடமே ஆகும்.

ஆனையூர் 2011 ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைந்தது. சாலையும் பேருந்தும் பெருகின. ஆயினும், செல்லூர்த் தறிவீட்டிலிருந்து துணிக்கட்டு பேருந்து ஏறும் வரையிலும், கிணற்றடியிலிருந்து மருந்து மல்லிகைத் தோட்டத்தின் கடைசி வரிசை சேரும் வரையிலும் மனிதர் உடலே வண்டியாக இருக்கிறது. இப்போது கடைகளிலும் விலைப்பட்டியல்களிலும் ‘வேட்டைப் பை’, ‘துப்பாக்கிப் பை’ என்ற பெயர்களில் உலோகச் சட்டகம் பொருத்திய முதுகுப் பைகள் விற்கப்படுகின்றன. அவை நமக்குப் பயன்படுமா, பயன்படுமாயின் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. வேட்டையில் பிறந்த பை

நார்வே நாட்டினரான ஓலே பெர்கன் என்பவர் வேட்டைக்குச் சென்றபோது, பை முதுகில் புரண்டு வருத்தியதால், ஜூனிப்பர் மரக்கிளையை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையில் பொருத்திப் பார்த்தார் என்பர். 1909 இல் அவர் சட்டகப் பைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் லாயிட் நெல்சன் என்பவர், அலாஸ்காவின் பழங்குடி மக்கள் பயன்படுத்திய மரச்சட்டகத்தைக் கண்டு, 1920-களில் மரமும் கித்தானும் சேர்ந்த சுமைச்சட்டகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1952 இல் டிக் கெல்டி என்பவர் அலுமினியக் குழாய்ச் சட்டகங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். கொரியாவின் உழவர்கள் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே ‘சிகே’ என்னும் மரச்சட்டகத்தில் விறகும் வைக்கோலும் சுமந்து வந்தனர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், வண்டி ஏறாத மலைகளுக்கு உணவும் குண்டும் கொண்டு சேர்த்தது அச்சட்டகமே.

வேட்டைக்காரன் இலேசான பையுடன் காட்டிற்குள் சென்று, கனத்த இறைச்சியுடன் திரும்புகிறான். ஆகவே அவனுக்கென்று செய்த பையில் சட்டகம் உறுதியாக இருக்கும். பையைச் சட்டகத்திலிருந்து சற்று விலக்கி, இடையே கனமான பொருளை வைத்துக் கட்டுவதற்குத் தட்டு ஒன்றும் இருக்கும். அத்தட்டில் துணிக்கட்டும் நிற்கும். தண்ணீர்க் குடுவையும் நிற்கும். நமக்கு வேண்டியது இந்த அமைப்பே, வேட்டை அன்று. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியாயினும் உழவர் தாமே சுடலாகாது. வனத்துறையிடம் முறையிடுவதே வழி.

2. சுமை உடலில் எங்கே இறங்குகிறது?

தலைச்சுமையை எளிதாக எண்ண வேண்டா. சும்மாடு வைத்த தலையின்மேல் சுமை இருக்கும்போது, அது முதுகெலும்பின் நேர்கோட்டில் நிற்கிறது. கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையில் சுமந்தும் கூடுதல் ஆற்றல் செலவின்றி நடந்தனர் என 1986 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள், முதுகுக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்து வந்துள்ளனர். நேபாளத்துச் சுமைகாரர்களும் அவ்வாறே நெற்றிப்பட்டையில் சுமக்கின்றனர். அவர்களுள் ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்ததாக 2005 ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகிறது. ஆனால் இவை இளமை முதல் பழகியோரின் திறமை. அவர்கள் மெல்ல நடந்து, அடிக்கடி நின்று இளைப்பாறுகின்றனர். பழகாதவர் கழுத்துக்கு இது பொருந்தாது.

சட்டகம் இல்லாத பையில் சுமை முழுவதும் இரு தோள்களில் தொங்குகிறது. தோள்பட்டை அழுத்தும் இடத்தின் அடியில் கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி ஓடுகிறது. நெடுநேரம் அழுந்தினால் கை மரத்துப்போகும். சிலருக்குக் கை தூக்கும் வலிமையே குறையும். இக்கோளாறு சட்டகமற்ற பை சுமந்தோரிடையே மிகுதியாகக் காணப்பட்டதென அமெரிக்கப் படைவீரர்களிடையே நடந்து 1987 இல் வெளியான ஆய்வு கூறிற்று. நாள் முழுதும் நாடா எறியும் கைக்கு இஃது எத்தகைய இழப்பு என்பதை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டகமும் இடுப்புப்பட்டையும் சேர்ந்தால் சுமையின் ஒரு பகுதி இடுப்பெலும்பில் இறங்குகிறது. 2004 இல் வெளியான ஓர் அளவீட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் இவ்வாறு கீழ்முதுகிலும் இடுப்பிலும் இறங்கியது. ‘தோளில் பாரமே தெரியாது’ என்று விற்பவர் கூறினால் அதனை அப்படியே நம்ப வேண்டா. பட்டை இடுப்பெலும்பில் சரியாக அமராவிடில் அந்த 30 சதவீதமும் கிட்டாது.

3. யாருக்குத் தேவை? ஒரு கணக்கு

நெடுநேரம் சுமக்கும் பாரம் உடல் எடையில் 20 முதல் 25 சதவீதத்திற்குள் இருப்பது நலம் என்பது பொதுவான கைக்கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 10 முதல் 12½ கிலோ ஆகும். பருத்திச் சேலை ஒன்று அரைக் கிலோ எனக் கொண்டால், 20 சேலைகள் 10 கிலோ. சட்டகப் பையின் எடை 2 முதல் 3½ கிலோ வரை இருக்கும். ஆகவே 20 சேலைகளை ஏற்றியவுடனேயே நாம் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். பையின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காதவர், சரக்கை மட்டும் எடுத்து எழுதிய வரவு செலவுக்காரரைப் போன்றவர்.

7 அல்லது 8 கிலோவிற்குக் குறைந்த சுமையைச் சிறிது தூரம் கொண்டுசெல்பவருக்குச் சட்டகம் தேவையில்லை. அகன்ற தோள்பட்டை கொண்ட சாதாரணப் பை போதும். அதற்கு மேற்பட்ட சுமையை அன்றாடம் சுமப்பவருக்கே சட்டகப் பை செலவுக்கு ஏற்ற பயன் தரும்.

4. முதுகை அளத்தல்

பலர் தம் உயரத்தைக் கூறிப் பை வாங்குகின்றனர். இது தவறு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கலாம். பைக்கு வேண்டியது முதுகின் நீளம்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைக்கும். அதுவே மேற்புள்ளி. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னோக்கி நீட்டினால், அவற்றை இணைக்கும் கோடு முதுகெலும்பைக் கடக்கும் இடம் கீழ்ப்புள்ளி. தையற்காரரின் அளவு நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டிவைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை மற்றொருவரைக் கொண்டு அளக்கச் செய்க. வளர்ந்தோர் பலருக்கு இது 40 முதல் 53 செ.மீ. வரை இருக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் பை எந்த நீளத்திற்கு உரியது எனக் குறித்திருப்பர். அக்குறிப்பு இல்லாத பையை வாங்காதிருப்பதே நன்று. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பையாயின், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இன்றியமையாதது.

5. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

(அ) சட்டகம்: இருவகை உண்டு. வெளிச்சட்டகத்தில் குழாய்கள் பைக்கு வெளியே நிற்கும். முதுகுக்கும் பைக்கும் இடையே காற்று ஓடும். கட்டும் பெட்டியும் ஏற்றலாம். மதுரையின் வெயிலுக்கும் நம் சரக்குக்கும் இதுவே ஏற்றது. உட்சட்டகம் உடலோடு ஒட்டி நிற்கும்; மலையேறுவோருக்கு நல்லது; வியர்வை மிகும்.

(ஆ) இடுப்புப்பட்டை: உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் முற்றிலும் நசுங்கிவிடும் மெத்தை சில மாதங்களில் துணியாகிவிடும்.

(இ) தையல்: தோள்பட்டை பையுடன் சேரும் இடத்தை உட்புறம் திருப்பிப் பார்க்க. அங்கே தையல் பலமுறை ஓடியிருத்தல் வேண்டும். துணியின் நெசவு நெருக்கத்தைப் பற்றி நெசவாளருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. துணியைக் காணும் அதே கண்ணால் பட்டை நாடாவையும் காண்க.

(ஈ) பூட்டுகள்: ஒரு கையால் விரைந்து கழற்றக்கூடியனவாகவும், உடைந்தால் மாற்றக்கூடியனவாகவும் இருக்க வேண்டும்.

(உ) சோதனை: வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. 10 கிலோ பாரம் ஏற்றி, கால் மணி நேரமாவது நடந்து பார்க்க வேண்டும்.

6. அணியும் முறை

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுக. முதலில் இடுப்புப்பட்டையை, அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமருமாறு, இறுக்குக. வயிற்றின்மேல் கட்டினால் மூச்சு முட்டும். தொடைப்பக்கம் இறங்கினால் பயனில்லை. அடுத்துத் தோள்பட்டைகளை முதுகோடு பை ஒட்டும் அளவிற்கு மட்டும் இழுக்க. தோளுக்கு மேலே பையின் உச்சியிலிருந்து வரும் சிறு நாடாக்களை இழுத்தால் பை பின்னோக்கிச் சாயாது. மார்புப்பட்டையை இறுதியில் பூட்டுக. கனமான பொருள் முதுகெலும்பை ஒட்டி, முதுகின் நடுவில் இருக்க வேண்டும். இலேசானவை அடியிலும் வெளிப்புறத்திலும் இருக்கலாம்.

7. துப்பாக்கி சுடும் விளையாட்டினர்

வேட்டை ஒழிந்தாலும், குறி பார்த்துச் சுடுதல் விளையாட்டாக வளர்ந்துள்ளது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் கலந்துகொண்டவர். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும் இதனைப் பயிலக்கூடும். அப்பிரிவில் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். தடித்த சட்டை, காலுறை, காலணி ஆகியனவும் சேரும். ஒரே தோளில் தொங்கவிட்டு வந்தவரின் அத்தோள் களைத்துவிடும். களைத்த தோள் நடுங்கும். நடுங்கினால் குறி தப்பும். பனிச்சறுக்கோடு சுடுதலையும் இணைத்த பயத்லான் போட்டியில், 3.5 கிலோவிற்குக் குறையாத துப்பாக்கியை இரு தோள்பட்டைகளில் முதுகோடு சேர்த்துச் சுமக்கின்றனர்.

எனவே, சுடுவோருக்கான பையில் துப்பாக்கி உறையின் அடி நிற்கும் தாழ்ந்த பையறையும், மேலே கட்டும் வாரும் இருத்தல் வேண்டும். துப்பாக்கி ஒரு பக்கம் நின்றால், மறுபக்கம் தண்ணீரும் உடையும் வைத்துச் சமன் செய்க. குண்டு நீக்கி, உறையிட்டே கொண்டுசெல்ல வேண்டும். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வேண்டும் உரிமம் பற்றிய விதிகளை முன்னரே அறிந்துகொள்க.

8. மருந்துத் தெளிப்பான்

உழவர் அன்றாடம் அணியும் முதுகுப் பை மருந்தடிக்கும் தெளிப்பானே. 16 லிட்டர் தொட்டியை நிரப்பினால் நீர் மட்டும் 16 கிலோ. வெறுங்கருவி 5 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 21 கிலோ. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது உடல் எடையில் 42 சதவீதம்! 10 லிட்டர் மட்டும் நிரப்பினால் 30 சதவீதமாகக் குறையும். இரண்டு நடை கூடும், முதுகு மிஞ்சும். மருந்தின் அளவையும் நீருக்கு ஏற்பக் குறைத்துக் கலக்க வேண்டும் என்பதை மறவாதீர்.

தெளிப்பானுக்கு இடுப்புப்பட்டையும் முதுகு மெத்தையும் சேர்ப்பது நல்லது. ஆனால் பருத்தி நாடாவோ, நீரை உறிஞ்சும் பஞ்சோ கூடாது. கசியும் மருந்தை அவை குடித்து, நாள் முழுதும் தோலில் ஒட்டவைக்கும். கழுவத்தக்க, நீர் உறிஞ்சாத பொருளே வேண்டும். மருந்தோடு பயன்பட்ட பட்டையையும் பையையும் உணவுக்கோ துணிக்கோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

9. சங்கத்தின் கடமை

சங்கங்கள் பொதுவில் பை வாங்கும்போது ஓர் இடர் நேர்கிறது. மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த விலையை ஏற்று, ஒரே அளவில் பத்துப் பைகள் வாங்கினால் தணிக்கையில் குறை எதுவும் வராது. ஆனால் அப்பைகள் உயரமான ஆடவருக்கு மட்டுமே பொருந்தும். பெண் உறுப்பினர்கள் ஒருமுறை மாட்டிப் பார்த்து, பட்டை தொடையில் இறங்கியதால், மீண்டும் சும்மாட்டிற்கே திரும்புவர். இருப்புப் பதிவேட்டில் பத்துப் பைகளும் பழுதின்றி இருக்கும். எவரும் தொடாத பொருள் பழுதுபடுவதெப்படி? விதிப்படி வாங்கியும் வீணான பணம் உறுப்பினர்களின் பங்குப் பணமே.

ஆகவே நிர்வாகக் குழுவினர் முதலில் பயன்படுத்தப்போகும் உறுப்பினர்களின் முதுகை அளந்து பட்டியலிட வேண்டும். நீளம், பட்டை அகலம், சட்டகத்தின் வகை ஆகியவற்றைத் தீர்மானத்தில் குறித்து, அதன் பின்னரே விலைப்புள்ளி கோர வேண்டும். மாதிரிப் பை ஒன்றைப் பெற்று, மிகக் குட்டையான உறுப்பினரும் மிக உயரமான உறுப்பினரும் பாரத்துடன் நடந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். குறைந்த விலை என்பது பயன்படும் பொருள்களுக்கிடையே பார்க்க வேண்டிய ஒன்று.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர் ஒரு நாளில் சுமக்கும் பாரம் எவ்வளவு? அஃது அவர் உடல் எடையில் எத்தனை சதவீதம்?
2. ஐந்து உறுப்பினர்களின் முதுகு நீளத்தை அளந்து எழுதுக. ஒரே அளவுப் பை ஐவருக்கும் பொருந்துமா?
3. சங்கத்தின் இருப்பில் எவரும் பயன்படுத்தாத பொதுப் பொருள்கள் எவை? அவற்றை வாங்குமுன் பயன்படுத்துவோரிடம் கேட்கப்பட்டதா?