இரண்டு பொம்மைகளும் ஒரு கணக்கும்

குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசும்போது வீட்டுக்கடன், கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை நாம் விரிவாக ஆராய்கிறோம். பொம்மை அந்தப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. தொகை சிறியது என்பதே காரணம். ஆனால் ஒரு குழந்தை தன் கண்ணால் காணும் முதல் நிதி முடிவு பெரும்பாலும் பொம்மைக் கடையில்தான் எடுக்கப்படுகிறது. கடன் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்திடுவதை அது பார்ப்பதில்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும்போது பெற்றோரின் முகம் மாறுவதைப் பார்க்கிறது. ஆகையால் இவ்விதழில் அந்தச் சிறிய செலவையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிறந்தநாள் வருகிறது. கடையில் இரண்டு பொம்மைகள் இருக்கின்றன. ஒன்றின் விலை 1,800 ரூபாய். மற்றொன்றின் விலை 450 ரூபாய். சிறுமியின் கை முதல் பொம்மையைத்தான் பற்றியிருக்கிறது. பெற்றோர் எவ்வாறு முடிவு செய்வது?

முதற்படி: பாதுகாப்பு

விலையை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பொம்மைகளும் பாதுகாப்பானவைதாமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் பிறப்பித்தது. அது 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளில், அவை உள்நாட்டில் செய்யப்பட்டவையாயினும் இறக்குமதியானவையாயினும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். பொதுவான பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 என்ற தர வரிசையும், மின்கலத்திலோ மின்சாரத்திலோ இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644 என்ற தரமும் பொருந்தும். முத்திரையுடன் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை இட்டால், அது எந்தத் தயாரிப்பாளருக்கு உரியது என்பது தெரிந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. உண்மையான முத்திரை பெற்ற 450 ரூபாய்ப் பொம்மையும் 1,800 ரூபாய்ப் பொம்மையும் ஒரே பாதுகாப்புத் தரத்துக்குக் கட்டுப்பட்டவை. கூடுதலாகக் கொடுக்கும் 1,350 ரூபாய் கூடுதல் பாதுகாப்பை வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை. அதேபோல, முத்திரையற்ற ஆலைப் பொம்மை 100 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அது மலிவாகாது. அதன் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பார்த்து அறிய நம்மால் இயலாது.

இந்த ஆணையில் ஒரு விலக்கு உண்டு. கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்கு உரிமை பெற்றவர்கள் செய்து விற்கும்போதும் முத்திரை கட்டாயமில்லை. எனவே சன்னப்பட்டணத்து மரப்பொம்மையில் முத்திரை இல்லையென்று அதை ஒதுக்கிவிடலாகாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, பூசப்பட்ட வண்ணம் எத்தகையது என்பதே.

வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மூத்தவளுக்கு வாங்கும் பொம்மை இளையவனின் வாய்க்குள்ளும் போகும். பாதுகாப்புச் சோதனையில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் உறுப்பு எதுவும் சிறு குழந்தைக்கு மூச்சடைப்பை உண்டாக்கக் கூடியது. பொம்மையின் கண், பொத்தான், காலணி ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். பொத்தான் வடிவ மின்கலம் உள்ள பொம்மையாயின், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழாயில் கடும் புண் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாம் படி: விலைக்குள் அடங்கியிருப்பவை

இரு பொம்மைகளும் பாதுகாப்பானவை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, 1,350 ரூபாய் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஆராய வேண்டும். பொம்மையின் விலையில் மூலப்பொருள், கூலி, விளம்பரம், கடை வாடகை, இலாபம், வரி ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. திரைப்படத்திலோ கேலிச்சித்திரத் தொடரிலோ வரும் உருவமாயின், அந்த உருவத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணமும் சேரும். இறக்குமதிப் பொம்மையாயின் சுங்கவரி முக்கியமான பகுதி. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே விலை உயர்வு முழுவதும் தரத்தின் உயர்வு என்று கொள்வதற்கில்லை.

உழைப்புக்காக விலை கூடுவதும் உண்டு. கர்நாடகத்தின் சன்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அது சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பூசுகிறார்கள். ஆந்திரத்தின் கொண்டப்பள்ளியில் எடை குறைந்த பொணிகி மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கலவையால் ஒட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். அத்தகைய பொம்மைக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையில் கணிசமான பங்கு கையுழைப்புக்கானது. பொம்மை ஒடிந்தால் சீர்செய்யவும் முடியும்.

பொம்மையை வாங்கிய பிறகு வரும் செலவையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1959இல் பார்பி பொம்மையை அறிமுகம் செய்தபோது அதன் விலை 3 டாலர். உடைகளும் அணிகலன்களும் தனியே விற்கப்பட்டன. பொம்மை ஒரு முறை விற்பனையாகும். உடைகள் ஆண்டுதோறும் விற்பனையாகும். இந்த வணிக முறை இன்று பல பொம்மைகளுக்குப் பொருந்துகிறது. ஆதலால் பெட்டியில் உள்ள படத்தில் காணப்படும் வீடு, கட்டில், குதிரை ஆகியவை பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு நாள் விளையாட்டின் விலை

வணிகவியலில் ஓர் இயந்திரத்தின் விலையை அதன் பயன்பாட்டுக் காலத்துக்குப் பகிர்ந்து கணக்கிடுவோம். பொம்மைக்கும் அதையே செய்யலாம். 1,800 ரூபாய்ப் பொம்மையுடன் குழந்தை 150 நாள்கள் விளையாடினால், ஒரு நாளுக்கு 12 ரூபாய் ஆகிறது. 450 ரூபாய்ப் பொம்மை 30 நாள்களில் மூலைக்குப் போய்விட்டால், ஒரு நாளுக்கு 15 ரூபாய் ஆகிறது. இங்கே விலை கூடியதே சிக்கனமானது. நிலைமை மாறி, முதலாவது 40 நாள்களும் இரண்டாவது 90 நாள்களும் பயன்பட்டால், கணக்கு முறையே 45 ரூபாய், 5 ரூபாய் என்றாகிவிடும்.

நாள்களின் எண்ணிக்கையை முன்கூட்டி எவ்வாறு அறிவது? வீட்டில் ஏற்கெனவே உள்ள பொம்மைகளைப் பாருங்கள். கடைசியாக வாங்கிய மூன்றும் எத்தனை நாள் கையில் இருந்தன? எது இன்னும் படுக்கைக்குச் செல்கிறது? பொத்தானை அழுத்தினால் ஒரே பாட்டைப் பாடும் பொம்மை விரைவில் சலித்துவிடுவதையும், துணியால் ஆன எளிய பொம்மை ஒரு நாள் நோயாளியாகவும் மறுநாள் மாணவியாகவும் மாறி நெடுநாள் நிலைப்பதையும் பல வீடுகளில் காணலாம். ஒவ்வொரு குழந்தையின் இயல்பும் வேறு. அதைக் கடைக்காரரைவிடப் பெற்றோர் நன்கறிவர்.

தவணையில் பொம்மை வேண்டாம்

பொம்மை வீடு போன்ற பெரிய பொருள்களுக்கு இப்போது வட்டியில்லாத் தவணை என்ற அழைப்பு வருகிறது. வட்டியே இல்லாத கடன் என்ற கருத்து உண்மையன்று என்பதையும், வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்பதையும் இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை நாம் இழந்திருக்கலாம். கடன் அட்டைத் தவணையாயின் வட்டிப் பகுதியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. அன்றியும், சில வாரங்களில் குழந்தை மறந்துவிட்ட பொம்மைக்கு ஆறு மாதம் தவணை செலுத்துவது குடும்பத்துக்கு மகிழ்ச்சி தராது.

குழந்தையிடம் சொல்ல வேண்டியது

இப்பாடத்தின் மையப் பகுதி இதுவே. கடையில் பெற்றோர் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தால் விலை கூடியதை வாங்கிவிடுகின்றனர். அல்லது, பையில் பணம் இருக்கும்போதே “பணம் இல்லை” என்று கூறிக் குழந்தையை இழுத்துச் செல்கின்றனர். அல்லது, “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லி மலிவானதைக் கையில் திணிக்கின்றனர். முதல் வழியில், அழுதால் வரம்பு நகரும் என்று குழந்தை கற்கிறது. இரண்டாம் வழியில், அடுத்த கடையிலேயே நாம் வேறொன்றை வாங்கும்போது நம் சொல் மதிப்பிழக்கிறது. மூன்றாம் வழியில், தன் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைத் தன் பெற்றோர் மறுக்கின்றனர் என்று அது குழம்புகிறது.

நான்காவது வழி ஒன்றுண்டு. வீட்டிலிருந்து புறப்படும் முன்பே தொகையை முடிவு செய்து, அதைக் குழந்தையிடம் தெரிவித்துவிடுவது.

“கண்ணம்மா, இந்தப் பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்க ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். அதற்குள் எதை வேண்டுமானாலும் நீ தேர்ந்தெடுக்கலாம்.”

“எனக்குப் பிடித்தது ஆயிரத்தைவிடக் கூட இருந்தால், அம்மா?”

“அப்போது இரண்டு வழி இருக்கிறது. 450 ரூபாய்ப் பொம்மையை இன்றே வாங்கிக்கொண்டால் மீதி 550 உன் உண்டியலுக்கு. அந்தப் பெரிய பொம்மைதான் வேண்டுமென்றால் இந்த ஆயிரத்தோடு மாதம் நூறு ரூபாய் சேர்ப்போம். எட்டு மாதத்தில் வாங்கிவிடலாம்.”

ஏழு வயதுக் குழந்தைக்கு எட்டு மாதம் என்பது மிக நீண்ட காலம். நாள்காட்டியில் குறித்துக் காட்டினால்தான் அது புரியும். இடையில் அது மனம் மாறினால் அதையும் நன்மையாகவே கொள்ள வேண்டும். தன் விருப்பம் எவ்வளவு உறுதியானது என்பதை அது தானே அறிந்துகொண்டது. மலிவான பொம்மையை வாங்கிப் பின்னர் வருந்தினாலோ, “நான் அப்போதே சொன்னேனே” என்று கூறாதீர்கள். இரக்கப்பட்டு மற்றதையும் வாங்கித் தந்துவிடாதீர்கள். தேர்வு செய்வது என்றால் ஒன்றை விட்டுக்கொடுப்பது என்பதை 450 ரூபாய்ச் செலவில் ஏழு வயதில் கற்பது, பெரிய தொகையில் முப்பது வயதில் கற்பதைவிட எளிது.

“என் தோழியிடம் அது இருக்கிறது” என்ற வாதம் கட்டாயம் வரும். தோழியின் பெற்றோரைக் குறைத்துப் பேச வேண்டாம். “அவர்கள் வீட்டில் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள்; நம் வீட்டில் வேறொன்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம்” என்று சொல்லி, அந்த வேறொன்று எது என்பதையும் சொல்லுங்கள். உண்மையிலேயே கையில் பணம் இல்லாத மாதமாயின், அதையும் அச்சுறுத்தாமல் அமைதியாகச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை ஆகியோர் விழா நாளில் குழந்தையின் கையில் தரும் பணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

விலை கூடிய பொம்மையே சரியான தேர்வாகும் நேரங்களும் உண்டு. குழந்தை பல மாதங்களாக அதையே விரும்பி வந்திருந்தால், தம்பி தங்கையருக்கும் பயன்படும் உறுதி அதற்கு இருந்தால், ஒதுக்கிய தொகைக்குள் அது அடங்கினால், தயங்காமல் வாங்குங்கள். குழந்தையின் மகிழ்ச்சிக்காகச் செலவு செய்வதும் திட்டமிட்ட செலவுதான்.

மிச்சமான தொகை

1,350 ரூபாயை மிச்சப்படுத்தி, காலாண்டுக் கூட்டுவட்டியில் 6.5 விழுக்காட்டுக்கு வைப்பில் இட்டால், பத்தாண்டுகளில் அது சுமார் 2,570 ரூபாய் ஆகும். அத்தொகையால் குழந்தையின் எதிர்காலம் மாறிவிடும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் ஆண்டுக்கு நான்கு முறை இதே வேறுபாடு நேர்கிறது என்றால், அது ஆண்டுக்கு 5,400 ரூபாய், அதாவது மாதம் 450 ரூபாய். அதே வட்டியில் மாதம் 450 ரூபாய் தொடர் வைப்பில் பத்தாண்டுகள் செலுத்தினால், 54,000 ரூபாய் முதலுக்குச் சுமார் 76,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரியில் சேரும்போது மடிக்கணினி வாங்க அது உதவக்கூடும். வட்டி விகிதம் காலத்துக்கேற்ப மாறும் என்பதை நினைவிற்கொள்க.

எந்த வயதுக் குழந்தைக்கும் பாதுகாவலர் மூலம் வங்கிக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கவும், வங்கி வகுக்கும் வரம்புகளுக்குட்பட்டு ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடமளிக்கின்றன. உண்டியல் நிறைந்ததும் குழந்தையையும் கிளைக்கு அழைத்து வாருங்கள். பணத்தை எண்ணி அதுவே செலுத்தட்டும்.

கடைக்குப் புறப்படும் முன்

1. தொகையை வீட்டிலேயே முடிவு செய்து குழந்தையிடம் சொல்லுங்கள்.
2. ஐ.எஸ்.ஐ. முத்திரை, உரிம எண், வயதுக் குறிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள்.
3. பெட்டிக்குள் என்னென்ன உள்ளன, பின்னர் என்ன வாங்க வேண்டியிருக்கும் என்று கேளுங்கள்.
4. விலையை, எதிர்பார்க்கும் விளையாட்டு நாள்களால் வகுத்துப் பாருங்கள்.
5. அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் அடங்கியது. அதற்கு மேல் கேட்டால் மறுக்கலாம். முறையிட, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
6. இரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுப் பயிற்சி

வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையுடன் அமர்ந்து, வீட்டிலுள்ள பொம்மைகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் விலையையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தை தனக்குப் பிடித்த வரிசைப்படி எண் இடட்டும். விலையின் வரிசையும் விருப்பத்தின் வரிசையும் எங்கெங்கே ஒத்துப்போகின்றன, எங்கெங்கே மாறுகின்றன என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். அடுத்த பிறந்தநாளுக்குக் கடைக்குச் செல்லும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.